வள்ளத்துக்கு லிதியம் பற்றரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களுக்கு வயறிங், சோலர், லைற் பூட்டிக் கொடுப்பது என் வேலை. கொஞ்சக் காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "லிதியம் போடலாமோ?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஆளுக்கு ஆள் தேத்தண்ணி ஆறும்வரை நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 18 முதல் 23 அடிவரையான பைபர் வள்ளங்களை நினைத்து எழுதியது. பூநகரிப் பக்கம் களப்பில் பாய் விரிக்கிறவர்களுக்கும் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

லிதியம் என்றால் தீப்பிடிக்கும் என்கிறார்களே அண்ணை. போன் வெடிக்கிற வீடியோ பார்த்தோம். இதை நம்பிக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

லிதியம் என்பது ஒரு குடும்பப் பெயர். அண்ணன் குடிகாரன் என்பதற்காகத் தம்பிக்குப் பெண் கொடுக்காமல் விட முடியாது. போனிலும் பல ஸ்கூட்டர்களிலும் இருப்பது கோபாற்று, நிக்கல் சேர்ந்த வகை. இடம் குறைவு, சக்தி அதிகம், சூடேறினால் கோபமும் அதிகம். வள்ளத்துக்குப் போடவேண்டியது லிதியம் இரும்பு பொசுபேற்று. 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜோன் குட்இனஃபின் ஆய்வுகூடத்தில் 1990களில் வந்த கண்டுபிடிப்பு அது. அதே அளவு சக்திக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் எளிதில் பற்றாது. "எளிதில்" என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒருபோதும் பற்றாது என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டியில் 12.8 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். ஒரு செல் 3.2 வோல்ற், நான்கு செல். 11.1 அல்லது 14.8 என்று இருந்தால் மற்றக் குடும்பம். வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது இருக்கிற ஈயப் பற்றரிக்கு என்ன குறை? ஆறேழு வருடமாக அதுதானே ஓடுகிறது.

ஆறேழு வருடத்தில் எத்தனை பற்றரி வாங்கினீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அக்காமாருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

நம்மில் பலர் வள்ளத்தில் வைத்திருப்பது வாகன பற்றரி. அது ஒரு சில விநாடி பலமாக உதைத்து எஞ்சினை ஸ்டார்ட் ஆக்கிவிட்டு ஓய்வெடுக்கப் பிறந்தது. அதை இரவு முழுக்க லைற் எரிக்க வைத்து, விடியும்போது அடிமட்டம் வரை இறக்குகிறோம். உள்ளே தகடு மெல்லியது. அதனால் தாங்காது. ஈயப் பற்றரியில் எழுதியிருக்கிற அம்பியர் மணியில், அதாவது எத்தனை அம்பியரை எத்தனை மணித்தியாலம் தரும் என்ற அளவில், பாதியைத்தான் எடுக்கவேண்டும். லிதியத்தில் 100 என்று இருந்தால் 80, 90 வரை கவலையில்லாமல் எடுக்கலாம். நிறையும் பாருங்கள். 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி 28, 30 கிலோ. லிதியம் 11, 12 கிலோ. கரைக்குத் தூக்கிக்கொண்டு வருகிற முதுகுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஆயுள் என்று பார்த்தால் நல்ல லிதியம் 2000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். வருடத்தில் 200 இரவு தொழில் என்றால் கடதாசிக் கணக்கில் பத்து வருடம். எங்கள் வெயிலுக்கும் உப்புக்கும் ஆறேழு வருடம் வந்தால் நான் திருப்தி. விலையை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதம் டொலர் அதைப் பொய்யாக்கிவிடும்.

எனக்கு எத்தனை அம்பியர் தேவை?

ஒரு கொப்பி எடுத்து எழுதுவோம். கடந்த மாசியில் அளம்பிலில் ஒரு தம்பியின் வள்ளத்துக்கு எழுதியது இது. பத்து மணித்தியால இரவு.

ஜி.பி.எஸ்சும் மீன் பார்க்கிற எக்கோவும் சேர்ந்து இழுப்பது ஓர் அம்பியர், பத்து மணித்தியாலத்துக்குப் பத்து அம்பியர் மணி. வி.எச்.எப். ரேடியோ செற் சும்மா கேட்டுக்கொண்டிருக்க நான்கு. பேசும்போது 5 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறவர் யாருமில்லை, ஒன்று போடுங்கள். வலை இழுக்கும்போது எரிகிற இரண்டு 10 வோற் எல்.ஈ.டி, ஐந்து மணித்தியாலம், எட்டு. மற்ற வள்ளம் வந்து இடிக்காமல் விடிய விடிய எரிகிற சின்ன லைற் இரண்டரை. இரண்டு போன் சார்ஜ் மூன்று. கூட்டினால் இருபத்தெட்டரை அம்பியர் மணி.

அவரிடம் இருந்தது 60 அம்பியர் மணி ஈயப் பற்றரி. பாதி என்றால் 30. புதிதாக இருந்தபோது மட்டுமட்டாகப் போதியது, ஒரு வருடத்தில் விடியப்புறம் எக்கோ அணைந்துவிடும். 50 அம்பியர் மணி லிதியம் போட்டோம், விடிந்தபிறகும் பாதிக்குக் கிட்ட மிச்சம். அவர் கேட்டு வந்தது 200. 200 வாங்கவேண்டாம் என்று சொல்வதால்தான் என் கடை இன்னும் தகரக் கொட்டிலாக இருக்கிறது.

பழையதைக் கழற்றிவிட்டு அதே வயரில் இதைக் கொழுவினால் சரிதானே?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

பற்றரி மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னே பியூஸ், வயர், சார்ஜ் ஏற்றுகிற வழி மூன்றும் மாறவேண்டும்.

பியூசில் தொடங்குவோம். லிதியம் ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் ஒரேயடியாகப் பாய்ந்துவிடும். உள்ளே பி.எம்.எஸ். என்று ஒரு காவல் போர்ட் இருக்கிறது. வோல்ற் கூடினால், குறைந்தால், சூடேறினால், அதிகம் இழுத்தால் அது வெட்டும். ஆனால் வீட்டுக்கு நாய் இருக்கிறதென்று கதவுக்குப் பூட்டுப் போடாமல் விடுவீர்களா? பற்றரியின் நேர் (+) ரேமினலில் இருந்து ஏழு அங்குலத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும். படகு வயறிங்குக்கு விதி எழுதுகிற அமெரிக்க அமைப்பான ஏ.பி.வை.சி. சொல்கிற தூரம் அது. 2022இல் லிதியத்துக்கென்றே இ-13 என்று தனி விதியும் வெளியிட்டார்கள். சாதாரண வாகனப் பியூஸ் அவ்வளவு பெரிய ஓட்டத்தில் உருகினாலும் நடுவில் பொறி தாவி ஓடிக்கொண்டே இருக்கும். கிளாஸ்-ரி என்கிற வகை 20,000 அம்பியர் ஷோர்ட்டையும் அறுக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

நான் ஒருதரம் பாடம் படித்தேன். முதல் முதல் பூட்டிய லிதியத்தில் ரேமினல் இறுக்கும்போது 13ஆம் நம்பர் ஸ்பனர் கை வழுக்கி மற்ற ரேமினலில் பட்டது. ஒரு நீலப் பொறி, "டப்" என்று ஒரு சத்தம். ஸ்பனர் வாயின் ஒரு மூலை, எலி கடித்த தேங்காய்போலக் குழிந்துபோயிற்று. அந்த ஸ்பனரை இப்போதும் கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். ஸ்பனர் கைப்பிடிக்கு இன்சுலேசன் ரேப் சுற்றாமல் நான் பற்றரிக்குக் கிட்டப் போவதில்லை. மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள்.

அடுத்தது வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் போக ஐந்து மீற்றர், வர ஐந்து மீற்றர், 10 அம்பியர் ஓடினால் 0.7 வோல்ற் வழியிலேயே செலவு. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.3 வோல்ற். வீட்டு வயறிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். வள்ளம் குலுங்கக் குலுங்க முறியும். பல இழையுள்ள, வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் விடாதீர்கள். பழைய வயரின் தோலை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த வயரோடு பேச்சில்லை. மாற்றவேண்டியதுதான்.

சார்ஜ் ஏற்றுகிற வழிக்கு அடுத்த கேள்வி.

எஞ்சினில் இருந்து ஏற்றலாமா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் ஆக்குகிற 15, 25 குதிரைவலு எஞ்சின் என்றால் பெரும்பாலும் அதில் பற்றரிக்குச் சார்ஜ் வருவதில்லை. உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை, தாண்டிப் போங்கள்.

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த படகுக்காரர்கள் நின்று வாசிக்கவேண்டும். திருகோணமலையில் ஒருதரம் வெள்ளைக்காரத் தம்பதியின் பாய்ப்படகில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு ஈயப் பற்றரியைத் தூக்கிவிட்டு லிதியம் வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் பழையபடி. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஓல்ரநேற்றரைக் கழற்றிப் பின் மூடியைத் திறந்தேன். செம்புச் சுற்றுகள் சிரட்டைக்கரி நிறத்தில் இருந்தன. அந்த எரிந்த வார்னிஷ் மணம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

நடந்தது இதுதான். ஈயப் பற்றரி நிரம்ப நிரம்ப "போதும் போதும்" என்று இழுவையைக் குறைத்துக்கொண்டு போகும். ஓல்ரநேற்றருக்கு இளைப்பாற நேரம் கிடைக்கும். லிதியம் கலியாண வீட்டுப் பெடியன்மாதிரி, நிரம்புகிற கடைசி நிமிடம் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு தணிய வழியில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. நிரம்பியதும் பி.எம்.எஸ். படக்கென்று வெட்டினால், ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் போக இடமில்லாமல் வோல்ற் எகிறி ஓல்ரநேற்றரின் டயோட்டைச் சாப்பிடும்.

வழி இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆக்க ஓர் ஈயப் பற்றரியை அப்படியே விடுங்கள். ஓல்ரநேற்றர் அதற்குத்தான் கொடுக்கும். அதிலிருந்து டி.சி–டி.சி சார்ஜர் ஒன்று 20 அல்லது 30 அம்பியர் மட்டும் அளந்து லிதியத்துக்கு ஊட்டும். அந்தத் தம்பதிக்கும் அதைத்தான் செய்தோம்.

ஈயத்தையும் லிதியத்தையும் நேரே சமாந்தரமாக இணைத்தால்?

வேண்டாம். ஓய்வில் லிதியம் 13.2, 13.3 வோல்ற்றில் நிற்கும், நிரம்பிய ஈயம் 12.7இல். லிதியம் இரவு பகலாக மற்றதுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். ஈயம் வேலையும் செய்யாது, நல்ல மாதிரிச் சாகவும் மாட்டாது.

என்னுடையது களப்பில் ஓடுகிற பாய் வள்ளம். எஞ்சினே இல்லை. எனக்குச் சரிவருமா?

உங்களுக்குத்தான் நன்றாகச் சரிவரும். எஞ்சின் சிக்கல் இல்லை, சோலர் மட்டும். 100 வோற் பனல் எங்கள் வெயிலுக்கு, இழப்பெல்லாம் போக, நாளுக்கு 28 அம்பியர் மணி அளவில் தரும். ஒரு லைற்றும் போனும் ஜி.பி.எஸ்சும் என்றால் 50 வோற்றே காணும்.

பாயின் நிழலைக் கவனியுங்கள். பனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அந்த மூலை மட்டும்தானே போகும் என்று நினைப்போம். அப்படியில்லை. செல்கள் எல்லாம் ஒரு சங்கிலி. ஒன்று நிழலில் நின்றால் மற்றவையும் அதோடு இழுபடும். ஓடும்போது வருகிற மின்சாரத்தை இலாபம் என்று வைத்து, கரையில் பாயைச் சுருட்டிவிட்டு நிற்கிற நேரத்தை நம்பிக் கணக்குப் போடுங்கள்.

பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜை அளக்கிற கொன்ட்ரோலரில் லிதியம் என்று தெரிவு இருக்கவேண்டும். நிரப்பும் அளவு 14.2 முதல் 14.4 வரை போதும். ஈயத்தை இடைக்கிடை கூடிய வோல்ற்றில் ஏற்றுகிற "ஈக்குவலைஸ்" இருந்தால் அணைத்துவிடுங்கள். 15 வோல்ற்றுக்கு மேல் ஏறி பி.எம்.எஸ்சை வெட்ட வைக்கும். இணைக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.

மீற்றரில் 13 வோல்ற் காட்டினது. ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. ஈயப் பற்றரி குப்பி விளக்குப்போல. எண்ணெய் முடிய முடியத் திரி மங்கிக் காட்டிக்கொடுக்கும். லிதியம் கடைசிவரை ஒரே வெளிச்சம், பிறகு இருட்டு. பாதிக்கு மேல் இருக்கும்போது 13.2 காட்டும், கால்பங்கு இருக்கும்போதும் 13க்குப் பக்கத்தில் நிற்கும். வோல்ற்றை வைத்துக் கணிக்க முடியாது. போனதையும் வந்ததையும் எண்ணுகிற ஷண்ட் மீற்றர் ஒன்று போடுங்கள்.

இந்தக் குணத்தால்தான் ஒன்றை வற்புறுத்துகிறேன். தனி பற்றரி உள்ள ஒரு ரோர்ச்சும், முடிந்தால் கையில் பிடிக்கிற வி.எச்.எப். ஒன்றும் வள்ளத்தில் எப்போதும் இருக்கவேண்டும்.

அணைந்தபிறகு மீற்றர் 0 காட்டுகிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பி.எம்.எஸ். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. சில சார்ஜர்கள் எதிரே பற்றரியே இல்லை என்று நினைத்துத் தொடங்காது. லிதியத்துக்கான சார்ஜர் தட்டி எழுப்பும்.

100 என்று எழுதியிருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மீன் தராசில் தூக்குங்கள். 100 அம்பியர் மணிக்கான செல் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். நான்கு செல், பெட்டி, போர்ட் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ என்றால் உள்ளே 100 இல்லை. வியாபாரி என்ன சொன்னாலும் தராசு பொய் சொல்லாது.

பிறகு முழுக்க ஏற்றி, 12 வோல்ற் 55 வோற் ஹெட்லைற் பல்ப் ஒன்றை எரியவிடுங்கள். ஏறத்தாழ 5 அம்பியர் இழுக்கும். 100 என்றால் 20 மணித்தியாலம் அளவில் எரியவேண்டும். 50 என்றால் பத்து. பல்ப் கொதிக்கும், சாக்கில் வைக்காதீர்கள்.

பழைய லாப்டொப் செல்களைச் சேர்த்து நானே கட்டினால் என்ன? செலவில்லையே.

செய்யக்கூடிய கைகள்தான். 1990களில் பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் வரவிடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் மற்றவர்கள் ரேடியோச் செய்தி கேட்டோம். அந்தப் பழக்கத்தில் வந்த துணிச்சல் எனக்கும் இருக்கிறது. ஆனால் டைனமோ பிழைத்தால் செய்தி போகும், அவ்வளவுதான். லாப்டொப் செல் நான் முதலில் சொன்ன கோபக்காரக் குடும்பம். வயது, பாவனை எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு. பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கான். கரை நான்கு மைல் தள்ளி. வேண்டாம் தம்பி.

எங்கே வைப்பது? உப்புத் தண்ணி பட்டால்?

வற்றாப்பளை அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும். எங்கள் வள்ளத்தில் உப்புநீர் விளக்கை அணைக்க மட்டும்தான் செய்யும்.

அடித்தண்ணி தேங்காத உயரத்தில், நிழலில், எண்ணெய்க் கானுக்குத் தள்ளி வையுங்கள். காற்றுப்போக வழியில்லாத முன்பக்க அணியத்து மூடிக்குள் மத்தியானம் பூட்டி வைத்தால் உள்ளே அடுப்பு. 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். அலை உடைக்கிற இடத்தில் வள்ளம் குதிக்கும்போது கட்டாத பன்னிரண்டு கிலோ பெட்டி சம்மட்டியாகிவிடும். ரேமினலை இறுக்கியபிறகு வாசலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்காதீர்கள்.

வள்ளம் கவிழ்ந்து பற்றரி முழுக்க மூழ்கிவிட்டால் காயவைத்துத் திருப்பிப் பூட்டவேண்டாம். வீட்டுக்குள்ளும் கொண்டுபோகவேண்டாம். வெளியே, வீட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இதே பற்றரியில் கரண்ட் மோட்டார் போட்டு ஓடலாமா? மண்ணெண்ணெய் மிச்சம்தானே.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறிய நாளில் இருந்து கேட்கிறீர்கள். வலி விளங்குகிறது. ஆனால் 25 குதிரைவலு என்றால் 18 கிலோவோற்றுக்கு மேல். முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓட 100 அம்பியர் மணி பற்றரி பதினான்குக்கு மேல் வேண்டும். கடலுக்குச் சரிவராது. நந்திக்கடல் களப்பில் வலை பார்க்க மெதுவாகப் போய்வர 600 வோற் சின்ன மோட்டார் ஒன்று, ஒரு 100இல் இரண்டு மணித்தியாலம் அளவில் ஓடும். அது சரிவரும்.

பெரிய லைற் போட்டு மீனைக் கூட்ட எத்தனை பற்றரி வேண்டும்?

வெளிச்சம் பாய்ச்சுவதால் எங்கள் கரையில் எவ்வளவு சண்டை என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நான் பூட்டிக் கொடுப்பதில்லை.

வாடைக் காலத்தில் தொழில் இல்லை. என்ன செய்வது?

நிரப்பி வைக்கவேண்டாம், வெறுமையாகவும் விடவேண்டாம். பாதியில் விட்டு, வயரைக் கழற்றி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் பாருங்கள். வாடியில் விடாதீர்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது வள்ளத்தை ஏற்றிவைத்தவர்கள் பற்றரியை மறந்துவிட்டு வந்த கதை எனக்குத் தெரியும்.

மருமகன் கனடாவில் இருந்து வருகிறார். ஒன்றைக் கொண்டுவரச் சொல்லவா?

விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பயணி கையில் கொண்டுவர 100 வோற் மணி வரைதான் சாதாரணமாக விடுவார்கள். விமான நிறுவனம் சம்மதித்தால் 160. உங்கள் 100 அம்பியர் மணி பற்றரி 1280. விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு நிற்பார் பாவம்.

அவரிடம் கிளாஸ்-ரி பியூஸ் இரண்டும் அதற்கான தாங்கியும், வெள்ளீயம் பூசிய வயர் பத்து மீற்றரும், வயர் நுனியில் லக் அமுக்குகிற நல்ல கருவி ஒன்றும் சொல்லிவிடுங்கள். இங்கே தேடித் தேடிக் களைக்கிற சாமான் அவைதான். கருவியை வேலை முடியக் கடையில் கொஞ்ச நாள் விட்டுவைத்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை.